வேங்கடத்தின் அடிவாரமும் ஆதிமனிதனின் அடிச்சுவடும்

திருவேங்கட மலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வாயில்களில் ஒன்றின் வழியாகவே உள்ளே நுழைந்திருக்கிறார்கள். ஒன்று இலக்கிய வாயில். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வகுத்ததையும், சங்கப் புலவரான மாமூலனார் அதைக் கள்வர் தலைவனான புல்லியின் மலையாகப் பாடியதையும், ஆழ்வார்கள் அதைத் தங்கள் பக்திக்கு உறைவிடமாகக் கொண்டதையும் வரிசைப்படுத்திச் செல்வது அவ்வழி. மற்றொன்று சாசன வாயில். காடவன் பெருந்தேவி என்று பெயர் பெற்ற பல்லவ அரசி சாமவை, 10ஆம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்து நிலதானம் செய்தது தொடங்கி, சோழர், யாதவராயர், விஜயநகர மன்னர் ஆகியோர் காலங்களில் மதில்களிலும் மண்டபங்களிலும் வெட்டப்பட்டு, பெரும்பாலும் தமிழிலேயே அமைந்துள்ள கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொள்வது இவ்வழி. இரண்டும் சிறந்த வழிகளே. ஆயினும், எழுத்து என்ற ஒன்று மனித சமுதாயத்தில் தோன்றுவதற்கு எத்தனையோ ஆயிரம் தலைமுறைகளுக்கு முன்பே, இந்த மலையின் அடிவாரத்து ஓடைகளில் குனிந்து, கைக்குப் பொருத்தமான கல்லைத் தேர்ந்தெடுத்து, அதை மற்றொரு கல்லால் தட்டிக் கூராக்கியவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்ற உண்மை இவ்விரு வாயில்களுக்கும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. அந்த உண்மைக்கு உரிய இடத்தைத் தராத வேங்கட சரித்திரம் பூரணமாகாது என்பது என் திடமான எண்ணம்.

முதலில் அந்தப் பிரதேசத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நலம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கூறாகிய சேஷாசல மலைகள் கடப்பைச் சீமையிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வந்து, திருப்பதிக்கு மேலே செங்குத்தான சுவர்போல் திடீரென்று முடிகின்றன. சுமார் 2,800 அடி உயரமுள்ள அந்த மேட்டின்மேல் திருமலை அமர்ந்திருக்கிறது; கீழே பொன்முகலி என்று தமிழிலும் சுவர்ணமுகி என்று வடமொழியிலும் வழங்கும் ஆறு காளத்தியை நோக்கிப் பாய்கிறது. மலையும் அதைச் சூழ்ந்த வனமும் 1989இல் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக ஆயின. அதன் பரப்பு 353 சதுர கிலோமீட்டர். 2010இல் சேஷாசலம் முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் இயல்பாக வளராமல் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியை மட்டுமே தாயகமாகக் கொண்ட செஞ்சந்தனமும், தாவர வர்க்கத்திலே மிகப் புராதனமான குலத்தைச் சேர்ந்த ஒருவகைச் சைக்கஸ் செடியும், பாறை இடுக்குகளில் வாழும் பொன்னிறப் பல்லியும், தேவாங்கும், சிறுத்தையும் இங்கே வாழ்கின்றன. பாக்கராப்பேட்டைப் பக்கம் சென்றால், ஏறக்குறைய 270 அடி உயரத்திலிருந்து தலைக்கோனை அருவி விழுகிறது. காட்டின் அழகுக்காகவே நடக்க விரும்புவோர் அந்தத் திசையில் செல்கிறார்கள். கடவுளின் தரிசனத்துக்காக நடப்பவர்கள் அலிபிரியில் ஏறுகிறார்கள். மலையின் வரலாற்றை அறிய விரும்புகிறவனுக்கோ இரண்டு வழிகளும் வேண்டும்.

அலிபிரிப் பாதைக்கு 3,550 படிகள். சந்திரகிரியை அடுத்த ஸ்ரீநிவாசமங்காபுரத்துப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை 2,388 படிகளோடு சுருக்கமாக முடிகிறது. 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரையில், அரசனாயினும் ஆண்டியாயினும், நடந்தோ டோலியில் சுமக்கப்பட்டோதான் மேலே சென்றாக வேண்டும். நடந்து ஏறுகிறவனுக்கு மலை தன் உடலின் அமைப்பைக் காட்டுகிறது. அடிவாரத்தில் உருண்டு திரண்டு கிடப்பது கருங்கல். அது இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறை. அதற்குமேல் ஏற ஏற, பலகை பலகையாக அடுக்கப்பட்டு நிற்பது குவார்ட்சைட் என்னும் மணற்படிகப் பாறை. பழங்கடலின் கரையில் படிந்த மணல் இறுகிப் படிகமானதால் உண்டான அதற்கு, அருகிலுள்ள ஊரின் பெயரைக் கொண்டு நகரிக் குவார்ட்சைட் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கிறார்கள். அதன் வயது சுமார் 160 கோடி ஆண்டு. கீழ்ப்பாறைக்கும் மேற்பாறைக்கும் இடையே எண்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் சின்னம் ஏதுமே இல்லை. அக்காலத்துப் படிவுகளெல்லாம் அரிக்கப்பட்டு மறைந்த பின்னரே மேலடுக்கு வந்து அமர்ந்திருக்கிறது. எபார்க்கியன் இடைவெளி என்று உலகத்தார் அறிந்த இந்தச் சந்தியை மலைச்சாலையின் வெட்டுமுகத்தில் கண்ணாலேயே காணலாம். இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத்துறை அதனைத் தேசியச் சின்னமாகப் பாதுகாக்கிறது. கோயிலுக்கு வடக்கே, சக்கர தீர்த்தத்துக்கு அருகில், காற்றும் நீரும் சேர்ந்து அதே குவார்ட்சைட்டைக் குடைந்து 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சிலாதோரணத்தை அமைத்திருக்கின்றன.

இந்தப் பாறையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆதிமனிதனை இந்த மலையோடு பிணைத்தது இந்தப் பாறையே. செங்குத்தான முகட்டிலிருந்து பிளந்து விழும் குவார்ட்சைட் துண்டுகளை மழைக்காலத்து வெள்ளம் உருட்டி உருட்டி, வழவழப்பான கூழாங்கற்களாக்கி, சமவெளியின் வாயிலில் குவித்துவிட்டுப் போகிறது. கருங்கல்லைத் தட்டினால் அது மணிமணியாக உதிரும். குவார்ட்சைட்டைத் தட்டினாலோ, அடி பட்ட இடத்திலிருந்து சிப்பியின் உட்புறம்போல் வளைந்த முகத்தோடு சில்லு பெயரும், பெயர்ந்த விளிம்பில் தோலைக் கிழிக்கும் கூர்மை நிற்கும். இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்பதை எந்தச் சாசனமும் சொல்லவில்லை. எனினும் மனித அறிவின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே.

தென்னாட்டில் அத்தகைய கல்லை மனிதன் செய்த கருவி என்று முதன்முதலில் இனங்கண்டவர் பூகர்ப்ப ஆய்வுத்துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து அதன் வேலைப்பாட்டை உணர்ந்த அவர், அதே ஆண்டு செப்டம்பரில், சக ஊழியரான வில்லியம் கிங் என்பவரோடு கொற்றலை ஆற்றுப் பிரதேசத்திலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்து, அங்கே கருவிகள் குவியலாகக் கிடப்பதைக் கண்டார். 1866இல் சென்னையிலிருந்து வெளியான ஒரு சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சென்னை ஜில்லாவோடு வட ஆர்க்காடு ஜில்லாவின் பெயரும் இருக்கிறது. அந்நாளில் வட ஆர்க்காட்டுக்குத் தலைநகரமாக விளங்கியது சித்தூர். திருப்பதியும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் தேதிதான் சித்தூர் ஜில்லா தனியே பிறந்தது; 2022இல் திருப்பதி ஜில்லா அதிலிருந்து பிரிந்தது. ஃபூட்டின் தோழரான கிங்கோ, பின்னர் கடப்பை, கர்நூல் பாறை அடுக்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1872இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். திருப்பதி மலையின் அமைப்பு உலகுக்குத் தெளிவானது அத்தகைய உழைப்பினால்தான். ஆதிமனிதனின் கருவியையும், அந்தக் கருவிக்குக் கல் தந்த மலைத்தொடரையும் ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் நமக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

அத்திரம்பாக்கத்துக்கும் வேங்கடத்துக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. இன்றைய திருப்பதி ஜில்லாவின் தென்கோடியில் சத்தியவேடு என்ற ஊர் இருக்கிறது. அதன் பெயரால் வழங்கும் கூழாங்கற்பாறைப் படிவுகள் அங்கிருந்து தெற்கே அல்லிக்குழி மலைவரை பரவியுள்ளன. கடப்பைத் தொடரின் குவார்ட்சைட், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே சிதைந்து ஆறுகளால் அடித்துவரப்பட்டுப் படிந்ததால் உருவானவை அவை. அவற்றிலிருந்து மறுபடியும் உதிர்ந்த கற்களே அத்திரம்பாக்கத்து மனிதனின் கைக்கு எட்டின. அங்கே சாந்தி பப்பு முதலிய அறிஞர்கள் நடத்திய அகழாய்வின் பயனாக, கீழடுக்கிலுள்ள கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இலும், அடுத்து வந்த இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அவ்விடத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று 2018இலும் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. மனித குலம் உலகில் பரவிய வரலாற்றையே மீண்டும் ஆராயும்படி செய்த முடிவுகள் இவை. அல்லிக்குழிக் காட்டினுள்ளே, ஒற்றையடிப் பாதையில் முட்புதர்களை விலக்கிக்கொண்டு நடந்தால் கூடியம் குகைகளை அடையலாம். 1960களில் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அங்கே அகழ்ந்து, பழைய கற்காலம் முதல் நுண்கற்கருவிக் காலம் வரையிலான சின்னங்களை வெளிக்கொணர்ந்தார். இன்று அது தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருந்தாலும், மாநில எல்லைகளை அறியாத ஒரு காலத்தில், பொன்முகலிக் கரையும் கொற்றலைக் கரையும் ஒரே வேட்டை நிலத்தின் இரண்டு ஓரங்களாகவே இருந்திருக்க வேண்டும்.

திருப்பதியின் சொந்த முறை 1960களில் வந்தது. பூனாவிலுள்ள தக்காணக் கல்லூரியின் ஆராய்ச்சி மாணவராயிருந்த எம். எல். கே. மூர்த்தி, சித்தூர் ஜில்லாவின் கற்கால நாகரிகங்களையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு, ரேணிகுண்டாவுக்கு அருகிலுள்ள ராள்ளகாலுவ என்ற ஓடையின் கரைகளில் நடந்து, படிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1966இல் தம் ஆய்வை முடித்தார். அவர் கண்டவற்றுள் முதன்மையானவை கனத்த கைக்கோடரிகள் அல்ல. மெல்லியனவாய், நீண்டனவாய், இரு விளிம்புகளும் இணையாகச் செல்லும் கத்தியலகுகளும், எலும்பிலும் மரத்திலும் கோடிழுத்துச் செதுக்குவதற்கேற்ற சிற்றுளிகளுமே. அவை பழைய கற்காலத்தின் கடைசிப் பருவத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் குகைச் சித்திரம் வரைந்தவர்களின் கைவண்ணமாக அந்தப் பருவம் போற்றப்பட்டு வந்தது. இந்தியாவிலோ, அப்படி ஒரு பருவம் தனியாக இருந்ததா என்பதே நெடுநாள் ஐயமாக இருந்தது. 1930இல் காமியாட், பர்க்கிட் என்னும் ஆய்வாளர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக் கருவிகளை நான்கு வரிசைகளாகப் பிரித்துக் காட்டியபோது மூன்றாவது வரிசையாகக் குறித்த அந்தப் பருவம், ரேணிகுண்டாவில் ஐயத்துக்கு இடமில்லாத உருவம் பெற்றது. இங்கிலாந்தின் சரித்திரத்துக்கு முற்பட்ட கால ஆய்வுக் கழகத்தின் வெளியீட்டில் மூர்த்தியின் கட்டுரை அச்சேறிய பிறகு, ரயில் மாறும் சந்திப்பாக மட்டும் அறியப்பட்டிருந்த ரேணிகுண்டா, உலகத் தொல்லியலாரின் நூல்களில் நிலைத்துவிட்டது.

அந்த மக்கள் இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்களை மலையே சொல்கிறது. மேட்டின்மேல் பெய்த மழை பாறைப் பிளவுகளில் ஊறி, கோடையிலும் சுனையாகக் கசிகிறது. திருமலையில் நாம் தீர்த்தங்கள் என்று வணங்குபவையெல்லாம் இவ்வாறு பிறந்தவையே. சமவெளியின் புல்லும் மலையின் காடும் சந்திக்கும் ஓரத்தில் மானும் பன்றியும் நீர் தேடி இறங்கும். கருவிக்கு வேண்டிய கல், தேடாமலே ஓடையில் கிடக்கும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க முகட்டடியில் பாறை நிழல் உண்டு. நீர், கல், வேட்டை, நிழல் என்ற நான்கும் ஒருங்கே வாய்த்த இடம் எதுவோ அதுவே ஆதிமனிதனுக்குப் புண்ணிய க்ஷேத்திரம்; வேங்கடத்தின் அடிவாரம் அத்தகையது.

வேட்டையாடி வாழ்ந்தவர்களின் நினைவு இந்தப் பிரதேசத்தில் எழுத்துக் காலத்திலும் அறுந்துவிடவில்லை. சங்கப் பாடல்களில் வேங்கடம் யானை வேட்டைக்குப் பேர்போன மலை. அங்குள்ள மறவர் யானைத் தந்தத்தை விற்று வாழ்ந்தவர்கள். சேக்கிழார் பெருமான், பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் மகனாகப் பிறந்த திண்ணனார், வேட்டைக்குச் சென்ற வழியில் பொன்முகலியைக் கடந்து காளத்தி மலையேறி, தாம் சுவைத்துத் தேர்ந்த ஊனையே இறைவனுக்குப் படைத்துக் கண்ணப்பரான வரலாற்றைத் தமிழுலகம் உருகும்படி பாடினார். அதே ஆற்றின் கரையிலுள்ள குடிமல்லத்தில், நாட்டின் மிகப் பழைய சிவலிங்கங்களுள் ஒன்று இன்றும் பூஜையில் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அந்த லிங்கத்தின் முகப்பில் நிற்கும் திருவுருவம் ஒரு கையில் ஆட்டையும் தோளிலே மழுவையும் தாங்கியிருப்பதைக் காண்பவர், அதில் ஒரு வேடனின் சாயலை உணராமலிருக்க இயலாது. 1973இல் ஐ. கே. சர்மா அங்கே அகழாய்வு நடத்தினார். கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது அது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கற்கால மனிதனுக்கும் கண்ணப்பருக்கும் இடையே நேரான வம்சாவளி வரைய நாம் முற்படவில்லை. அப்படி வரைவது சாஸ்திரமாகாது. ஆனால் ஒரே நிலம், ஒரே நீர், ஒரே காடு ஆகியவை தங்களை அண்டிய மனிதர்களை ஒரேவிதமான வாழ்வுக்குப் பழக்கிவந்தன என்பதையும், அந்த வாழ்வை நம் முன்னோர் இழிவாக எண்ணாமல், பக்தியின் சிகரத்தில் ஒரு வேடரை அமர்த்திப் பார்த்தார்கள் என்பதையும் மறக்கலாகாது.

மலையில் நடப்பதும் இங்கே புதிய பொழுதுபோக்கு அன்று, நெடுங்காலச் சம்பிரதாயம். திருமலை முழுவதும் ஆதிசேஷனின் திருமேனி என்று கருதிய ராமாநுஜர், அதைப் பாதத்தால் மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் சொல்லும்; அந்தச் செங்குத்தான ஏற்றத்துக்கு இன்றும் முழங்காலின் பெயரே வழங்குகிறது. அவருக்கு ராமாயண ரகசியங்களை உபதேசிக்கத் திருமலைநம்பி மேலிருந்து அடிவாரத்துக்கு ஓராண்டு நடந்து வந்தார் என்பதும் ஐதிகம். இவற்றினும் கருத்துக்குரியது தீர்த்த முக்கோடி என்னும் வழக்கம். தைப் பௌர்ணமியில் ராமகிருஷ்ண தீர்த்தத்துக்கும், மாசியில் குமாரதாரைக்கும், பங்குனியில் தும்புரு தீர்த்தத்துக்கும் ஜனங்கள் அடர்ந்த வனத்தினூடே நடந்து செல்கிறார்கள். தும்புரு தீர்த்தத்தில் குவார்ட்சைட் மலை இரண்டாகப் பிளந்து நிற்க, அந்த இடுக்கின் வழியே நீரில் இறங்கி நடந்து போய் நீராட வேண்டும். சாதாரண நாட்களில் அடைக்கப்பட்டிருக்கும் வனப்பாதை, குறித்த திதியில் திறந்து மீண்டும் மூடிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், மனிதனுக்கு வேண்டிய தரிசனமும் கிடைக்கிறது. காட்டுக்கு வேண்டிய ஓய்வும் கிடைக்கிறது. வனத்துக்குள் மனிதர் எவ்வளவு செல்லலாம் என்று இக்காலத்து அதிகாரிகள் வகுக்க முயலும் விதிகளை, நம் முன்னோர் பஞ்சாங்கத்தின் மூலமே வகுத்துவிட்டார்கள்.

மலை அழிவிலிருந்து தப்பியதற்குக் காரணம் அதன் புனிதம். ஏழுமலையில் கல்லுடைப்பதற்கோ சுரங்கம் தோண்டுவதற்கோ ஒருவர் துணிந்தால் நாடு முழுவதும் பொங்கி எழும். ஆனால் அந்தப் புனிதத்தின் எல்லை மலையடியோடு நின்றுவிடுகிறது. ஆதிமனிதன் வாழ்ந்ததோ பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே, சமவெளி தொடங்கும் ஓடைக்கரைகளில். அங்கே நகரம் வளர்கிறது, சாலை வருகிறது, மணலும் கப்பியும் வேண்டியவர்கள் வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தாங்கள் அள்ளுவது என்ன என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. படிவின் அடுக்கு ஒன்று குலைந்தால், எந்தக் கருவி முந்தியது, எது பிந்தியது என்ற சாட்சியம் அழிந்துவிடுகிறது. பிறகு எந்த மேதையாலும் அதைத் திரும்ப எழுத முடியாது.

சித்தூரின் மேற்கேயுள்ள மேட்டு நிலத்திலும் இதே கதைதான். புங்கனூர்ப் பக்கத்தில் மல்லய்யப்பள்ளி முதலிய இடங்களில், பெரிய கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் இட்டுக் கட்டிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. கற்கருவிக்காரர்களுக்குப் பின், இரும்பின் உபயோகம் தெரிந்து வாழ்ந்தவர்கள் இறந்தோருக்கு எழுப்பிய வீடுகள் அவை. ஊர் ஜனங்கள் அவற்றைப் பாண்டவர் கோயில்கள் என்று சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இத்தகைய சின்னங்களைப் பாண்டவரோடு இணைத்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த நம்பிக்கை ஓரளவு அவற்றைக் காத்தது. புதையல் ஆசையும் கல்லுடைப்போரின் தேவையும் அந்தக் காவலை மீறி வருகின்றன.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1985இல் பூண்டியில் சரித்திரத்துக்கு முற்பட்ட காலத்துக்கென்றே ஒரு காட்சிசாலையை அமைத்தது. அத்திரம்பாக்கத்தையும் கூடியத்தையும் காணச் செல்லும் மாணவன், முதலில் அங்கே நின்று கருவியின் முகத்தை அறிந்துகொண்டு, பின்னர் காட்டுக்குள் நடக்கலாம். ரேணிகுண்டாவுக்கும் அத்தகைய ஓரிடம் வேண்டும். ராள்ளகாலுவக் கரையில் சில நூறு கஜ நிலமாவது காக்கப்பட்டு, படிவின் வெட்டுமுகம் பலகையெழுத்தோடு விளக்கப்பட வேண்டும். மலைச்சாலையின் எபார்க்கியன் சந்தி, சிலாதோரணம், ரேணிகுண்டா ஓடை, குடிமல்லம் என்னும் நான்கையும் ஒரு நாள் யாத்திரையாகத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, அலிபிரியில் கூடும் லட்சக்கணக்கானவர்களின் கையில் கொடுக்க வேண்டும். திருப்பதியிலுள்ள சர்வகலாசாலைகள் தம் மாணவர்களைக் கொண்டு இதைத் தொடங்கினாலே போதும்.

பொதுமக்களாகிய நம்முடைய கடமை இன்னும் எளியது. ஓடைக்கரையில் சில்லுப் பெயர்ந்த கல்லொன்று கண்ணில் பட்டால், அதைக் கிடந்தபடியே புகைப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரிக்கோ தெரிவிக்க வேண்டும், எடுத்துக்கொண்டு போகலாகாது. கல்வெட்டைப் பெயர்த்துக்கொண்டு போனவன் கோயிலின் சரித்திரத்தைத் திருடியவன் என்றால், கருவியைக் கிடந்த இடத்திலிருந்து அகற்றியவனும் அந்தப் பழியிலிருந்து தப்ப முடியாது. சாமவையின் சாசனத்தைப் போற்றுவதுபோலவே, பெயர் தெரியாத ஒரு வேட்டைக்காரன் குவார்ட்சைட்டில் எழுதிவைத்த சாசனத்தையும் போற்ற நாம் பழகிக்கொண்டால், வேங்கடத்தின் சரித்திரம் முதல் அத்தியாயத்திலிருந்தே நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.